சாதா கண்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் குறை சொல்லாதீங்க. ஆனா என் வேலையில ஒருத்தர் ஒரு குத்தம் சொல்ல முடியாது. முப்பது வருஷமா மதுரையில கண்ணு செய்யறேன். கண்ணுக்கு வைத்தியம் இல்லீங்க, கண்ணே செய்யறேன். விபத்துலயோ வியாதியிலயோ ஒரு கண்ணை எடுத்துட்டாங்கன்னா, அந்தக் குழிக்கு அளவெடுத்து, மெழுகுல வடிவம் பாத்து, அக்ரிலிக்ல வார்த்து, கருவிழிக்கு வண்ணம் தீட்டி, வெள்ளை முழியில ஓடுற நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரிச்சு ஒட்டி, பக்கத்துக் கண்ணுக்கு ஜோடி சேத்துக் குடுப்பேன். இந்த 2043-லயும் பார்வை தர்ற செயற்கைக் கண்ணு கடைக்கு வரலை. வரும் வரும்னு நான் வேலைக்குச் சேந்த நாள்லருந்து சொல்லிக்கிட்டிருக்காங்க. வர்ற வரைக்கும் இந்த இந்திராணி செய்யற கண்ணுதான்.

என் கண்ணுல ஒரு விசேஷம் உண்டு. அதுக்குக் காரணம் மரிய ஸ்டெல்லாங்கிற ஒரு பொண்ணு. ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊரு. ஒன்பது வயசுல, தீபாவளிக்குத் தெருவுல எவனோ விட்ட ராக்கெட் பாஞ்சு இடது கண்ணு போயிருச்சு. படகு இன்ஜின் மெக்கானிக். கண்ணு நான் செஞ்சு குடுத்ததுதான். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி தன்னோட கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு என் லேபுக்கு வந்தா. அழுதுக்கிட்டு வந்திருந்தா ஆறுதல் சொல்லியிருப்பேன். கோவமா வந்து ஆல்பத்தை என் மேசையில போட்டா.

"பாருக்கா. என் கல்யாணத்துக்கு நான் பாதிதான் வந்திருக்கேன்."

பாத்தேன். ஃப்ளாஷ் வெளிச்சத்துல அவ வலது கண்ணு நடுவுல சிவப்பா ஒரு மினுக்கு இருந்துச்சு. இடது கண்ணுல ஒண்ணுமில்ல, வெறும் கருப்பு. உயிருள்ள கண்ணுக்குள்ள போற வெளிச்சம் உள்ள இருக்கிற விழித்திரையில பட்டுத் திரும்பி வரும். அதுதான் அந்த மினுக்கு. பிளாஸ்டிக்குல அது எங்கருந்து வரும்? அறுபது போட்டோ, அறுபதுலயும் ஒரு கண்ணு செத்துக் கிடந்துச்சு.

எனக்கு ரோஷம் வந்திருச்சு. மூணு மாசம் மண்டையை உடைச்சேன். கடைசியில கண்பாப்பாவுக்குப் பின்னால தலைமுடியைவிட மெல்லிசா ஒரு பளபளப்புத் தகடு வச்சு, அதுக்கு மேல இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசினேன். ஃப்ளாஷ் அடிச்சா ரெண்டு கண்ணும் ஒண்ணாப்புல மினுங்குச்சு. ஸ்டெல்லா புருஷனையும் கூட்டியாந்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கிட்டு, என் லேபுலயே நின்னு மறுபடி போட்டோ எடுத்துக்கிட்டா. அந்த வகைக்கு எங்க லேபுல போட்டோக் கண்ணுன்னு பேரு. பழைய மாதிரிக் கண்ணுக்கு சாதா கண்ணு. அதுக்கப்புறம் வந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருல ஒருத்தர்கூட சாதா கேட்டதில்ல. பெருமையடிச்சுக்கிறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல, அடிச்சுக்கிறேன்.

போன வருஷம் பிரதீபன்னு ஒரு தம்பி வந்தான். கோயமுத்தூர்க்காரன், ராணுவத்துக்குக் கருவி செய்யற ஒரு கம்பெனியில இன்ஜினியர். உக்காரச் சொன்னாக்கூட மூணு தடவை "இருக்கட்டுங்க"ன்னு சொல்ற மரியாதைக்காரன்.

"மேடம், நாப்பது கண்ணு வேணுங்க. ஸ்பெஷலா ஒண்ணும் வேண்டாங்க, சாதா கண்ணே போதும்."

"நாப்பது பேருக்கு அளவெடுக்கணுமே, எங்க அவங்க?"

"பொம்மைங்களுக்குங்க. ஒரு மெஷினைச் சோதிச்சுப் பாக்கோணும். அதுக்குப் பேரு தயா."

தயாவா? பேரு நல்லாருக்கே, என்ன பண்ணும்னு கேட்டேன். சொல்லலாமா கூடாதான்னு கொஞ்சம் யோசிச்சான். அப்புறம் தான் செஞ்ச பொருளைப் பத்திப் பேசற ஆசையில சொல்லிட்டான். அந்த ஆசை எனக்கும் தெரிஞ்ச வியாதிதான்.

"லேசர் ஆயுதங்க மேடம். ஆனா கொல்லாது. 1995-லயே உலக நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. ஆளை நிரந்தரமாக் குருடாக்கறதுக்குன்னே செய்யற லேசர் கூடாதுன்னு."

"நல்ல காரியந்தான பண்ணியிருக்காங்க."

"நல்ல காரியந்தாங்க. ஆனா அதுல குருடுன்னா எதுன்னு ஒரு அளவு குறிச்சிருக்காங்க. ரெண்டு கண்ணையும் சேத்து வச்சுப் பாத்தும் இருபதுக்கு இருநூறுகூடத் தேறலைன்னாத்தான், அதாவது மத்தவங்க இருநூறு அடியில பாக்கறதை இருபது அடியிலகூடப் பாக்க முடியலைன்னாத்தான், அந்தக் கணக்குல வரும். ஒரு கண்ணு நல்லா இருந்துட்டா, சட்டப்படி அந்த ஆளு குருடு இல்லைன்னு எங்க வக்கீல் சொல்றாருங்க."

எனக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் கையில இருந்த தூரிகையைக் கீழ வச்சேன்.

"அப்ப உங்க தயா ஒரு கண்ணை மட்டும் எடுக்குமா?"

"ஆமாங்க. அதுவும் ரெண்டுல எது மங்கலோ அதைத்தான் எடுக்கும். நல்ல கண்ணை விட்டுரும். ஒருதடவை அடிச்ச முகத்தை ஞாபகம் வச்சுக்கிட்டு மறுபடி அடிக்காது."

"ஏம்ப்பா, உனக்கு மனசு கூசலையா?"

அவன் கோவப்படல. "எங்க பெரியப்பா பையன் எல்லையில கண்ணிவெடி மிதிச்சு ரெண்டு காலும் இல்லாம வந்தாருங்க. கூடப் போனவங்க ஆறு பேரு வரவே இல்ல. குண்டு போடறது சட்டப்படி சரிங்க மேடம். நான் செய்யறது ஒரு கண்ணோட வீட்டுக்கு அனுப்புது. எது பாவம், நீங்களே சொல்லுங்க."

எனக்கு வாய் நீளம்னு சொன்னேனில்ல? அன்னைக்கு அந்த வாயை மூடிக்கிட்டுத் தூரிகையைக் கழுவினேன். அப்புறம்தான் நான் கண்ணு செஞ்சு குடுத்த ஆளுங்க ஞாபகம் வந்துச்சு.

"ஏற்கெனவே ஒரு கண்ணு இல்லாதவங்களை அது அடிச்சா?"

"அடிக்காதுங்க! அதுக்குத்தான் இந்த நாப்பது கண்ணு. செயற்கைக் கண்ணை மெஷின் கண்டுபிடிச்சுரும். கண்டுபிடிச்சா அந்த ஆளைத் தொடாது."

எப்படிக் கண்டுபிடிக்கும்னு கேட்டேன், அது ரகசியம்னுட்டான். சரி, எங்க ஆளுங்களை விட்டுருதில்ல, அது போதும்னு நினைச்சேன். சாதா கேட்டான், சாதா கண்ணு நாப்பது செஞ்சு குடுத்தேன். அங்கதான் நான் கோட்டை விட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு பேப்பர்ல செய்தி வந்துச்சு. தயாவுக்கு அனுமதி குடுக்கலாமா வேண்டாமான்னு ஆயுதச் சட்டக் குழு விசாரிக்குது, கிடைச்சா கடல் எல்லையில ரோந்துக் கப்பல்ல பொருத்தப் போறாங்கன்னு போட்டிருந்தாங்க. கம்பெனியோட சோதனை அறிக்கையில என் லேபு பேரு இருந்துச்சு. ‘செயற்கைக் கண் தயாரிப்பில் நாட்டிலேயே முதன்மையான மதுரை இந்திராணி ஆய்வகம்.’ எனக்குத் தலைகால் புரியல. கூட வேலை பாக்கிறவங்களைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிச்சேன். அடுத்த பத்தியை ரெண்டு தடவை படிச்சேன். ‘கண்ணிலிருந்து திரும்பி வரும் ஒளியை வைத்து இயந்திரம் உயிருள்ள கண்ணை அறிகிறது. ஒளி திரும்பாத கண் செயற்கைக் கண். நாற்பது மாதிரிகளில் நாற்பதையும் இயந்திரம் சரியாக அறிந்து சுடாமல் விட்டது.’

உடனே பிரதீபனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நீ சாதா கண்ணுன்னு ஏன்யா கேட்ட?"

"வழக்கமா எல்லாரும் வாங்கற கண்ணுங்கிற அர்த்தத்துலதாங்க கேட்டேன். ஏனுங்க?"

"அடப்பாவி! எங்க லேபுல சாதா கண்ணுன்னா யாருமே வாங்காத கண்ணுய்யா!"

விஷயத்தைச் சொன்னேன். நாலாயிரம் பேரு கண்ணு மினுங்கும், எந்த மெஷின் பாத்தாலும் உயிருள்ள ரெண்டு கண்ணுன்னுதான் தோணும்னேன். அப்புறம், "நான் மேலதிகாரிங்ககிட்டச் சொல்றேனுங்க மேடம்"ன்னான். சொன்னான், இல்லைங்கல.

கம்பெனி நாலே வரியில ஒரு கடிதம் போட்டுச்சு. உங்க நாலாயிரம் பேருக்கும் மினுங்கற கண்ணைத் திரும்ப வாங்கிக்கிட்டு மினுங்காத கண்ணு குடுத்துருங்க, ஆகற செலவு எங்களோடதுன்னு. எத்தனை தடவை படிச்சாலும் என் கோவம் குறையல. ஆயுதத்தை ஆளுக்கு ஏத்த மாதிரித் திருத்துவாங்கன்னு பாத்தா, ஆளை ஆயுதத்துக்கு ஏத்த மாதிரித் திருத்தச் சொல்றாங்க!

அந்த நாலாயிரம் பேரு சார்பா நான் முடிவெடுக்கக் கூடாதில்லையா. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவ ரிப்பேர் பாத்த படகுல பாதி நாளு அவளே ஏறிக் கடலுக்குப் போறவ. ரோந்துக் கப்பல் கண்ணுல முதல்ல படப்போறது அவளை மாதிரி ஆளுங்கதான். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டா. கடிதத்தைப் படிச்சா.

"என்னக்கா இது, எவனோ சுடறதுக்கு வசதியா நான் செத்த கண்ணோட திரியணுமா?"

"உசுரு மாதிரி இருக்கிறது ஒரே கண்ணுடி உனக்கு. வேணும்னா சாதா கண்ணு மாட்டிக்க, கடலுக்குப் போறப்ப மட்டுமாச்சும். என் மேல சத்தியமா நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"நீ நினைக்க மாட்ட. நான் நினைப்பேன்." கடிதத்தை மடிச்சு என் பக்கம் தள்ளிவிட்டா. "அந்தக் குழு எங்க உக்காருது, சென்னையிலயா? வா போவோம். என் மூஞ்சிக்கு முன்னால வச்சு அந்த மெஷினைச் சோதிக்கச் சொல்லு."

சென்னைக்கு வெளிய ஒரு சோதனைக் கூடத்துலதான் விசாரணை. குழுத் தலைவர் சாரதாமணி அம்மா, ஓய்வுபெற்ற நீதிபதி. அதிகமாப் பேசமாட்டாங்க, ஆனா பேசறவங்களை வெட்டவும் மாட்டாங்க. தயா ஒரு முக்காலி மேல உக்காந்திருந்துச்சு. பாத்தா ஒரு தையல் மெஷின் உசரந்தான். அதுக்கு எதிர்ல முப்பது அடி தள்ளி ஒரு நாற்காலி.

நான் விஷயத்தைச் சொல்லி முடிச்சதும் கம்பெனி வக்கீல் எந்திரிச்சார். இந்த அம்மா வேணும்னே ஏதோ வித்தைக் கண்ணு செஞ்சு கொண்டாந்திருக்கலாம்னார். பன்னெண்டு வருஷத்து ஆர்டர் புத்தகத்தைக் காட்டினேன். பொம்மையில மாட்டிச் சோதிக்கிறது செல்லாது, பொம்மைக்குப் பக்கத்துக் கண்ணு உயிருள்ளது இல்லைன்னார். அவங்க நாப்பதையும் பொம்மையிலதான் சோதிச்சாங்க, ஆனாலும் சொன்னது சரிதான். அப்பத்தான் ஸ்டெல்லா எந்திரிச்சு, "நான் உக்கார்றேன்ம்மா"ன்னா.

சாரதாமணி அம்மா பிரதீபனைப் பாத்தாங்க. "சோதனையில இயந்திரம் என்ன செய்யும்?"

"சுடற பகுதியைப் பூட்டி வச்சிருக்கோமுங்கம்மா. எந்தக் கண்ணைத் தேர்ந்தெடுக்குதோ அதுமேல ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் வைக்கும். பாத்தா கூசக்கூடச் செய்யாதுங்க."

"பூட்டுன்னா இரும்புப் பூட்டா?"

"இல்லீங்கம்மா... சாஃப்ட்வேர்தான்."

"பூட்டு விட்டுப் போகாதுன்னு உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்?"

"நூறு சதவீதங்க."

"சந்தோஷம். அப்ப முதல்ல நீங்க உக்காருங்க."

அந்தத் தம்பி முகத்தைப் பாத்திருக்கணும். வக்கீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிரதீபன் கையைக் காட்டி நிறுத்திட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுக்கிட்டு, போய் உக்காந்தான். அதை மட்டும் அவன்கிட்டருந்து யாரும் பறிக்க முடியாது. மெஷின் லேசா உறுமுச்சு. அவன் இடது கண்ணுல சிவப்புப் புள்ளி விழுந்துச்சு. சுவத்துல இருந்த பெரிய திரையில எழுத்து ஓடுச்சு: ‘இலக்கு: இடது கண். வலது கண் காக்கப்பட்டது.’ எந்திரிச்சு வந்தப்ப சட்டை முதுகோட ஒட்டிக் கிடந்துச்சு. தான் செஞ்ச தயாவுக்கு எதிர்ல அவன் அதுவரைக்கும் ஒருநாளும் உக்காந்ததில்லையாம், அப்புறம் என்கிட்டச் சொன்னான்.

ஸ்டெல்லா போக எந்திரிச்சப்ப நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது.

"வேண்டாம்டி. அந்தத் தம்பிக்குப் போனா இன்னொண்ணு இருக்கு. உனக்கு அப்படி இல்ல. என் வித்தையைக் காட்டறதுக்கு உன் கண்ணைப் பணயம் வைக்க நான் யாரு?"

"உன் வித்தைக்கா போறேன்? நல்லாருக்கே கதை! என் மாதிரி இன்னும் நாலாயிரம் பேரு இருக்காங்கன்னு நீதானக்கா சொன்ன. அவங்க எல்லாரும் உக்காந்து பாக்கவா முடியும்? கையை விடு."

சாரதாமணி அம்மா அவளைக் கிட்டக் கூப்பிட்டு, யாரும் வற்புறுத்தலையே, உக்காராம இருந்தாலும் விசாரணை நடக்கும், தெரியுமான்னு கேட்டாங்க. "தெரியும்மா. ஆனா நடந்து என்ன பிரயோசனம், எல்லாரும் பேசிக்கிட்டுத்தான இருப்பாங்க"ன்னா. உக்காந்தா. தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கிட்டு, மெஷினை நேராப் பாத்தா. இன்ஜினுக்குள்ள என்ன கோளாறுன்னு பாக்கிற பார்வைதான் அது, அவளுக்கு வேற பார்வை தெரியாது.

மெஷின் உறுமுச்சு. பிரதீபனுக்கு எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்துக்கிட்டுச்சு. நான் சாமியை எல்லாம் கூப்பிட்டேன், அவ மாதாவையும் சேத்து.

புள்ளி விழுந்துச்சு. வலது கண்ணுல.

திரையில எழுத்து ஓடுச்சு: ‘இலக்கு: வலது கண். இடது கண் காக்கப்பட்டது.’

எனக்கு ஒரு நிமிஷம் என்ன நினைக்கிறதுன்னே தெரியல. ரெண்டுல எது மங்கலோ அதைத்தான எடுக்கும்? என் பிளாஸ்டிக் கண்ணு அவ பெத்த தாய் குடுத்த கண்ணைவிட உசத்தின்னு மெஷின் சொல்லிருச்சு. நெஞ்சு நிமிந்துச்சு, அதே நேரம் பூட்டு மட்டும் இல்லேன்னா இவளுக்கு இப்ப முழுசாப் பார்வை போயிருக்கும்னு உறைச்சுச்சு. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஸ்டெல்லா எந்திரிச்சு நேரா குழுவோட மேசைக்குப் போனா. கீழ் இமையைச் சுண்டுவிரலால இழுத்து, இடது கண்ணைக் கழட்டி, கைக்குட்டையில துடைச்சு, சாரதாமணி அம்மாவுக்கு முன்னால வச்சா.

"இந்தாங்கம்மா. அவங்க மெஷின் காப்பாத்திக் குடுத்த கண்ணு."

அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதைப் பாத்தாங்க. அப்புறம் வக்கீல் பக்கம் திரும்பினாங்க. "ஒரு கண்ணு மிச்சமிருந்தா குருடு இல்லைன்னு சொன்னீங்க. இதுதான் மிச்சம். இதை வச்சு இவங்க எத்தனைக்கு எத்தனை பாப்பாங்க, சொல்லுங்க."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். இது ஒரு தனிப்பட்ட ஆய்வகத்தோட விநோதம், மென்பொருளைத் திருத்திரலாம், அவகாசம் குடுங்கன்னார். பிரதீபன் எந்திரிச்சான். வக்கீலுக்குச் சோறு போடற கம்பெனிதான் அவனுக்கும் போடுது. ஆனாலும் சொன்னான்:

"திருத்த முடியாதுங்கம்மா. நான் இதைத் திருத்தினா, இந்த மேடம் அடுத்த கண்ணை இன்னும் நல்லாச் செய்வாங்க. கண்ணு போனவங்க மத்தவங்க மாதிரியே தெரியோணும்னு ஆசைப்படற வரைக்கும் என் மெஷினால முடியாதுங்க."

அவனைக் கட்டிப்பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. முந்தின நிமிஷம்வரைக்கும் செருப்பைக் கழட்டலாமான்னு இருந்தவ நான்.

சாரதாமணி அம்மா அங்கயே தீர்ப்பு சொல்லிட்டாங்க. தயாவுக்கு அனுமதி இல்லை. காரணம் ரெண்டே வாக்கியந்தான். யாரைக் குருடாக்குறோம்னு தெரியாத ஆயுதம், யாரையும் குருடாக்கலைன்னு சொல்லிக்க முடியாது. கண்ணை ஒண்ணொண்ணா எடுத்தா ஒப்பந்தம் பொறுத்துக்கும்னு இந்தக் குழு நினைக்கல. சுருக்கெழுத்துக்காரர் எழுதி முடிச்சார்.

அப்பத்தான் குமாஸ்தா ஒருத்தர் ஒரு பிளாஸ்டிக் உறையும் அரக்கு முத்திரையுமா வந்தார். மேசை மேல இருந்த கண்ணை எடுக்கப் போனார். ஸ்டெல்லா சடார்னு அதை எடுத்துக் கைக்குள்ள மூடிக்கிட்டா.

"அம்மா, அது சாட்சிப் பொருளும்மா. முத்திரை வச்சு எண் போட்டுக் குழுகிட்டதான் இருக்கணும். மேல்முறையீடு முடிஞ்சதும் எழுதிக் குடுத்து வாங்கிக்கலாம்"னார் அவர். பாவம், வேலையைத்தான் பாத்தார்.

"எப்ப முடியும்?"

"ரெண்டு மூணு வருஷம் ஆகலாம்மா."

ஸ்டெல்லா அவரை விட்டுட்டு சாரதாமணி அம்மாவைப் பாத்தா. வெறுங்குழியும் நல்ல கண்ணுமா, அந்த முகத்தை மறைக்கவே இல்ல.

"ஒரு கண்ணைப் பிடுங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பறதுதாம்மா அந்த மெஷின். கூடாதுன்னு இப்பத்தான் எழுதினீங்க. நீங்களும் அதையேவா செய்யப் போறீங்க?"

குமாஸ்தா உறையைக் கீழ இறக்கிட்டார். சாரதாமணி அம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. அப்புறம் சுருக்கெழுத்துக்காரரைக் கூப்பிட்டு, தீர்ப்புல கடைசியா ஒரு வரி சேத்துக்கச் சொன்னாங்க. எழுதினதை அவங்களே எடுத்து, ஸ்டெல்லாவுக்குக் கேக்கிற மாதிரிப் படிச்சாங்க:

"‘விசாரணையில் காட்டப்பட்ட கண்ணை இக்குழு கேட்டது. கேட்டிருக்கக் கூடாது.’"